பத்துக்குப் பத்து அறையில் ஒரு தியேட்டர்

தேனியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ வீடு கட்டும் கொத்தனாரிடம் "ஒரு ரூம் எவ்வளவு போடலாம்ணே?" என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில்: "பத்துக்குப் பத்து போட்டுக்கலாம்." கூரையின் உயரமும் ஏறத்தாழ பத்தடிதான். கட்டிலும் பீரோவும் போட்டு, பிள்ளைகள் கீழே பாய் விரித்துப் படுக்க அந்த அளவு போதும். ஒலிக்கு மட்டும் இதைவிட மோசமான அளவு கிடையாது. ஹோம் தியேட்டருக்கென்று சேர்த்துவைத்த பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற கேள்விக்கு விடை பஜாரில் இல்லை. இந்தப் பத்தடிச் சுவர்களுக்கு நடுவில்தான் அதைத் தேட வேண்டும்.

ஒலி காற்றில் ஓடும் அழுத்த அலை. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், அது நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையில் அது போய் மோதித் திரும்பி வரும்போது, அலையின் பாதி நீளமும் சுவர்களின் இடைவெளியும் சரியாகப் பொருந்திவிட்டால், போகிற அலையும் வருகிற அலையும் கைகோத்துக்கொள்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர ஏற்றுவது போல, ஒவ்வொரு மோதலும் அந்த ஒரு சுருதியை மட்டும் ஏற்றிவிடுகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். 349-ஐ அதன் இருமடங்கான 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியுள்ள சுவர்கள் தாங்களாகவே பாடத் துடிக்கும் சுருதி இது.

அறை நீளத்தில் 16 அடி, அகலத்தில் 12 அடி, உயரத்தில் 10 அடி என்றால் இந்தச் சுருதிகள் 36, 48, 57 ஹெர்ட்ஸ் என்று மூன்று இடங்களில் பிரிந்து நிற்கும். ஒன்றின் குறும்பு இன்னொன்றோடு சேராது. மூன்று பக்கமும் பத்தடி என்றாலோ மூன்றும் ஒரே 57-இல் குவிகின்றன. நீளத்தை இருபதடி ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகாது. இருபதடியின் முதல் சுருதி 28.6 ஹெர்ட்ஸ், இரண்டாவது மறுபடி அதே 57. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் இருமடங்காக இருந்தாலும் சிக்கல் தொடர்கிறது.

இந்த 57 ஹெர்ட்ஸ் யார் வாழ்க்கையில் குறுக்கே வருகிறது? பேஸ் கிடார் கேட்பவர்கள் எல்லாருடைய வாழ்க்கையிலும். நான்கு கம்பி பேஸ் கிடாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55 ஹெர்ட்ஸ், அதற்கடுத்தது 73, கடைசி 98. உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, திரைப்பாட்டில் பேஸ் கிடாரைத் தாளத்துக்குத் துணை நிற்கும் கருவி என்ற இடத்திலிருந்து எடுத்து, மெட்டுக்கு எதிராகத் தனி மெட்டாகவே நடக்கவிட்டவர். அவருடைய எண்பதுகளின் பாடல்களைப் பத்துக்குப் பத்து அறையில் சப் வூஃபரோடு கேட்டுப் பாருங்கள். 55, 58 ஹெர்ட்ஸ் அருகே வரும் ஸ்வரங்கள் மட்டும் "தும்" என்று வீங்கி அறையை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் கீழும் உள்ள ஸ்வரங்கள் ஒல்லியாகப் போய்விடும். அவர் எழுதியது படிப்படியாக இறங்கும் ஒரு வரி. நம் காதில் விழுவது ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப இடிக்கும் இரைச்சல். இதைக் கேட்டுவிட்டு "பேஸ் செமையா இருக்கு" என்று மகிழ்கிறவர்களும் உண்டு, "செட்டு சரியில்லை" என்று மாற்றுகிறவர்களும் உண்டு. செட்டை மாற்றினாலும் அதே இடிதான் வரும், ஏனென்றால் இடிப்பது அறை.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு இசை கேட்டு வளர்ந்தது சுவர்களுக்குள் அல்ல. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியது பொதுக்கூட்ட மேடைகளில். படம் பார்த்தது டூரிங் டாக்கீஸின் கூடாரத்தில். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட்காரர் தென்னை உயரத்தில் கட்டியது கூம்பு. திறந்தவெளியில் ஓடிய அலை திரும்பி வராது, அதனால் எந்தச் சுருதியும் வீங்காது. பழைய மண்சுவர் ஓட்டு வீடுகளில்கூட ஓட்டு இடுக்குகள் வழியாகவும் லேசான கூரை வழியாகவும் தாழ்ந்த சுருதிகள் வெளியே கசிந்துவிடும். காங்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, வழவழப்பான டைல்ஸ் தரை என்று ஆறு பக்கமும் இறுகிய பெட்டிக்குள் ஒலியை அடைத்தது நம் தலைமுறை. வீடு வலுவாகிவிட்டது, ஒலிக்கு வெளியேறும் வழி இல்லாமல் போயிற்று.

எங்கே உட்காருவது, எங்கே வைப்பது

முதல் வைத்தியத்துக்குச் செலவே கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் நிற்கும் அலையின் அழுத்தம் சுவர் ஓரத்தில் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் சுழியாகும். அறையின் நடுவே நாற்காலி போட்டால் 57 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அது மண்டையில் அடிக்கும். நம் வீடுகளில் சோபா எப்போதும் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும், நடக்க வழி வேண்டுமல்லவா. குறைந்தது இரண்டடியாவது முன்னே இழுத்துப் போடுங்கள். இடம் இருந்தால் பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் காது வரட்டும். 16 அடி ஹாலில் அது ஏறத்தாழ ஆறடி.

சப் வூஃபருக்கு இன்னும் நல்ல உத்தி இருக்கிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் சப் வூஃபரை டிவிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க, அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிடார் ஏறி இறங்கி நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ்ந்து போங்கள், சப் வூஃபர் தரையில் இருந்தால் இருக்கும் உயரத்தில் காதை வைத்து. மூலையில் போகும்போது ஒரேயடியாக வீங்கும். இன்னும் மூன்றடி நகர்ந்தால் மெலியும். ஏதோ ஓர் இடத்தில் எல்லா ஸ்வரங்களும் ஒரே பருமனில், தனித்தனியாக, எண்ணக்கூடியபடி கேட்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, சப் வூஃபரை அங்கே இறக்கி, நீங்கள் சோபாவில் உட்காருங்கள். ஒலிமூலமும் காதும் இடம் மாறினாலும் அறை அவற்றுக்கிடையே செய்யும் வேலை மாறாது என்பது இயற்பியல். வீட்டில் இருப்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் இரண்டு மடங்கு விலைகொடுத்து வாங்கும் சப் வூஃபரால் கிடைக்காத தெளிவு இந்தத் தவழலில் கிடைக்கும்.

கூடவே இன்னொரு சோதனை. 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சுருதியைப் போன் செயலி மூலம் ஓடவிட்டு, அறையைச் சுற்றி நடங்கள். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, லாஃப்டில் அடுக்கிய எவர்சில்வர் அண்டா, சுவர்க் கடிகாரம் என்று ஒவ்வொன்றும் தன் சுருதி வரும்போது கிடுகிடுக்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடிக்கு ஒரு துண்டு ரப்பர் சொருகிப் பாருங்கள். ஆடிக் காற்றுக் காலத்தில், காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று ஜன்னல்களையும் சேர்த்து ஆட்டும். சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவது அப்போது இரட்டைப் பலன்.

1895

கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895 மறக்க முடியாத ஆண்டு. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அந்த அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு காபிக்கடையின் கீழ்த்தளத்தில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது: புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரிசெய்து கொடு.

அந்த மண்டபத்தில் ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பேசுகிறவர் அடுத்த பத்துச் சொற்களைச் சொல்லிவிடுவார், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து குழம்பும். சபைன் தெருச் சத்தம் அடங்கிய இரவுகளில் ஓர் ஆர்கன் குழலும் நிறுத்துகடிகாரமும் வைத்துக்கொண்டு, பக்கத்து நாடகக் கொட்டகையின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து கிடைத்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருட்களின் மொத்த உறிஞ்சும் திறனால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும்.

நம் ஹாலுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கன அளவு 54 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 88 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். கணக்குப்படி காலி ஹாலில் ஒலி அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். புதுவீட்டில் பால் காய்ச்சும் நாளன்று பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீட்டில் படம் பார்க்க வேண்டியது அரை நொடியை ஒட்டிய நேரம். வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் அலறிக் குறைப்பதுமாக ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த மூன்று நொடியின் வேலை.

ஒலியை விழுங்க என்ன வேண்டும்? காற்று நுழைந்து ஊடுருவக்கூடிய, நுண்ணிய இழைகள் நிறைந்த, தடிமனான பொருள். இழைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும் காற்று உரசி, ஒலியின் ஆற்றல் மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறிவிடுகிறது. பெருநகரங்களில் இதற்குக் கண்ணாடி இழைப் பலகை, பாறைக் கம்பளிப் பலகை என்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேவை இல்லை. இலவம் பஞ்சு இருக்கிறது.

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கு எவ்வளவு பெயர்பெற்றதோ அவ்வளவு இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் பெயர்பெற்றது. இலவம் இழை ஒரு நுண்குழாய். மெல்லிய சுவர், உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஒருகாலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தது அதனால்தான். மெல்லிய இழை, நிறையக் காற்று என்ற இதே இயல்பு ஒலியை விழுங்குவதற்கும் ஏற்றது. ஒலி உறிஞ்சும் பொருளாக இலவம் இழையை ஆய்வகங்களிலும் சோதித்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. நான்கடிக்கு இரண்டடி அளவில், நான்கு அங்குல ஆழத்துக்கு மரச்சட்டம். பின்பக்கமும் முன்பக்கமும் காடாத் துணி. உள்ளே இலவம் பஞ்சு. பஞ்சு நாள்பட்டால் கீழே இறங்கிக் குவிந்துவிடும் என்பதால், மெத்தைக்குப் போடுவது போல ஆங்காங்கே குறுக்குத் தையல் போட வேண்டும். மெத்தை தைப்பவரிடம் சொன்னால் அவரே செய்துவிடுவார், பழைய மெத்தையைப் பிரித்த பஞ்சே போதும். துணியைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனைதான்: வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். ரெக்சின் போட்டால் அத்தனையும் வீண். இப்படி எட்டுப் பலகை, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், துணி போர்த்திய சோபா, அதில் நான்கு பேர் என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த மூன்று நொடி சுமார் 0.6 நொடிக்கு இறங்குகிறது. இலவம் பஞ்சு சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதை மட்டும் ஒருபோதும் மறக்க வேண்டாம். சாமி விளக்கு, ஊதுபத்தி, சுவிட்ச் போர்டு, சூடாகும் ஆம்ப்ளிஃபயர் எதற்கும் அருகே அது வரக் கூடாது, பலகைக்குப் பின்னால் ஒயர் ஓடக் கூடாது.

பலகைகளை எங்கே மாட்டுவது என்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சொல்லிவிடும். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், வீட்டில் யாராவது ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு வைத்து நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலியும் உங்கள் காதுக்குத் திரும்புகிறது. முதல் பலகை அங்கே. நேர் ஒலிக்குச் சில மில்லிநொடிகள் பின்னால் வந்து சேரும் இந்தத் திரும்பொலிதான் குரலின் கூர்மையை மழுக்குகிறது. அதை விழுங்கவைத்தால், விலை குறைந்த ஸ்பீக்கரிலும் நடிகர் மூச்சு வாங்குவது கேட்கும்.

இதற்குப் பதிலாக முட்டை அட்டை ஒட்டுபவர்கள் உண்டு, தெர்மகோல் ஒட்டுபவர்களும் உண்டு. முட்டை அட்டை மெல்லியது, உச்சச் சுருதிகளில் கொஞ்சத்தைத் தவிர எதையும் விழுங்காது. தெர்மகோலுக்குள் காற்றே நுழையாது. இரண்டும் வேண்டாம். நான்கு அங்குலப் பஞ்சும் பேஸை விழுங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர், அதைத் தொட ஒன்றரை மீட்டர் தடிமன் தேவைப்படும். பேஸுக்கு வைத்தியம் நாம் பார்த்த இடமாற்றம்தான். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கவும் பஞ்சு உதவாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் சப் வூஃபரை நிறுத்திவிடுவதே நாகரிகம்.

எத்தனை வாட்ஸ்ணே?

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி இது. பதில் ஆயிரம், இரண்டாயிரம் என்று வரும். உண்மையில் தேவைப்படுவது எவ்வளவு என்று பார்ப்போம். ஓரளவு நல்ல ஸ்பீக்கர் 1 வாட் மின்சாரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் தரும். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அது 77 டெசிபல் ஆகும். வீட்டில் படம் பார்க்க அது நல்ல சத்தம். ஆக, பெரும்பாலான நேரம் ஒரு ஸ்பீக்கருக்கு ஓடுவது ஒரே ஒரு வாட். குண்டு வெடிக்கும் கணத்தில் 15 டெசிபல் கூட வேண்டுமென்றால் சுமார் 32 வாட். சத்தம் காதுக்கு இருமடங்காகத் தோன்ற மின்சாரம் பத்து மடங்கு கூட வேண்டும் என்பதால், 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபல்தான்.

பெட்டியின் முன்பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் பார்க்காமல், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அடாப்டரில் 12 வோல்ட், 3 ஆம்ஸ் என்று போட்டிருந்தால் உள்ளே போவதே 36 வாட்தான். 36 உள்ளே போய் ஆயிரம் வெளியே வராது. நம் ஊர் மெக்கானிக்குகள் கட்டித்தரும் அசெம்பிள் 5.1 ஆம்ப்ளிஃபயர்களுக்கும் இதே கணக்கு. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 5 ஆம்ஸ் என்றால் மொத்தம் 240 வாட் அளவு. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் வெப்பமாக இழப்பது போக, எல்லாச் சேனலுக்கும் சேர்த்துத் தொடர்ச்சியாகக் கிடைப்பது நூற்றைம்பதை ஒட்டி. அது தாராளம். அசெம்பிள் செட்டை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. கனமான டிரான்ஸ்ஃபார்மர், அகலமான ஹீட் சிங்க், முறையான எர்த் இருந்தால் அதே விலைக்குக் கம்பெனிப் பெட்டி தரமுடியாத ஒலியை அது தரும், பழுதானால் தெருமுனையிலேயே சரியாகும். வாங்கும்போது எதையும் ஓடவிடாமல் சத்தத்தை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வையுங்கள். "கொர்ர்" என்ற இரைச்சல் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை ஸ்பீக்கர் என்பது நீங்கள் பார்க்கும் படத்தைப் பொறுத்தது. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் "16 வயதினிலே" வந்தது 1977-இல். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் ஒலி ஒரே தடம். வீட்டுப் பெரியவர்களோடு அத்தகைய படங்களையே மிகுதியாகப் பார்ப்பவர்களுக்குப் பின்பக்க ஸ்பீக்கர்கள் செய்ய வேலை ஏதும் இல்லை. முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். புதிய படங்களை ஓடிடியில் 5.1 ஒலியோடு பார்ப்பவர்கள்கூட, பணம் குறைவாக இருந்தால் பின்பக்கத்தைப் பிறகு சேர்க்கலாம். நடு ஸ்பீக்கரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். கூரையில் பட்டுத் தெறித்து மேலிருந்து ஒலிப்பதாகச் சொல்லும் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான கூரை வேண்டும், ஓட்டு வீட்டில் அவை பயன்படாது.

5.1 செட் வாங்கி டிவியோடு புளூடூத்தில் இணைத்திருக்கும் வீடுகள் நிறைய. புளூடூத்தில் போவது இரண்டு தடம் மட்டுமே. மற்ற ஸ்பீக்கர்களில் வருவது செட்டே கற்பனை செய்துகொண்ட ஒலி. எச்டிஎம்ஐ ஒயரை ஏஆர்சி என்று எழுதிய துளையில் மாட்டி, டிவியின் ஒலி அமைப்பில் டால்பி டிஜிட்டல் என்று மாற்றினால்தான் ஐந்து தடமும் பிரிந்து வரும். ஒரு ஒயரின் விலையில் பாதிச் செட்டு உயிர்பெறும்.

திரை

திரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே கணக்கு எளிது. கூர்மையான கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரை பிரித்தறியும். 55 அங்குல ஃபுல் எச்டி டிவியின் புள்ளிகள் ஏழடிக்கு அப்பால் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 4கே-யின் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க நாலடிக்குள் போக வேண்டும். பத்தடி தள்ளி உட்காருபவர் 4கே-க்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்தால் அந்தக் கூர்மை கண்ணை எட்டாது. வண்ணமும் கறுப்பின் ஆழமுமே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலையை வைத்துப் போட்ட திட்டத்தை ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டர் ஆசை பலருக்கு உண்டு. 100 அங்குலத் திரையின் பரப்பு 30 சதுர அடி. இருட்டான திரையரங்கின் தரத்துக்குச் சதுர அடிக்கு 16 லூமென் போதும், மொத்தம் 480. ஆனால் பகலில் ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் அறையில் 200 லக்ஸ் இருந்தால், அதே திரைமீது 550 லூமென் விழுந்துகொண்டிருக்கும். படத்தைவிட வெயில் பிரகாசம். கறுப்பு சாம்பலாகிவிடும். கனமான திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடியாத ஹாலுக்குப் புரொஜெக்டர் வேண்டாம். அட்டையில் 9,000 லூமென் என்று போட்டிருந்தால் "ஆன்சி லூமென் எவ்வளவு, உள்ளபடி எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள். "4கே சப்போர்ட்" என்பது 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள், காட்டும் என்றல்ல.

பணத்தைப் பிரிப்பது

கையில் ஐம்பதாயிரம் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: திரைக்கு இருபத்தைந்து, முன்பக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பதினைந்து, அறைக்குப் பஞ்சும் திரைச்சீலையுமாக எட்டு, மிச்சம் இரண்டு மின்பாதுகாப்புக்கு. சப் வூஃபர் அடுத்த போனஸில் வரட்டும். ஒன்றரை லட்சம் இருந்தால் திரையின் பங்கை மூன்றில் ஒன்றுக்குக் குறைத்து, ஒலிக்குப் பாதியை ஒதுக்கி, அறைக்கு இருபதாயிரம் வரை போடுவேன். அதற்கு மேல் பணம் உள்ளவர்கள் இன்னும் பெரிய சப் வூஃபருக்குப் போகாமல் சிறியதாக இரண்டு வாங்கி எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். அறையின் இடிச்சுருதியை ஒன்று ஏற்றும்போது மற்றது இறக்கிவிடும்.

மின்பாதுகாப்பைச் சில்லறைச் செலவாக நினைக்கக் கூடாது. மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊர்களில் சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். சர்ஜ் புரொடெக்டர் ஓரளவு காப்பாற்றும். முழுமையாகக் காப்பாற்றுவது, மேகம் கருக்கும்போதே பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிப் போடுவது மட்டும்தான். எர்த் இல்லாத பிளக்கில் எந்த ஆம்ப்ளிஃபயரையும் மாட்டாதீர்கள்.

இன்னும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இதில் பெரிய லாபம். படம் பார்க்கும் அறையைப் பத்துக்குப் பத்து ஆக்காமல் பதினான்குக்குப் பதினொன்று என்று போடச் சொல்லுங்கள், சுருதிகள் 41, 52, 57 என்று தாமே பிரிந்துகொள்ளும். பூச்சு வேலைக்கு முன்னால் டிவி இருக்கும் சுவரிலிருந்து சோபாவுக்குப் பின்னால் வரை ஓர் அங்குலப் பிவிசி பைப்பை, உள்ளே இழுகம்பியோடு, பதித்துவிடச் சொல்லுங்கள். பூசிய பிறகு சுவரைக் கொத்துவது பல மடங்கு செலவு. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் கடைக்குப் போகும்போது அறையின் நீள அகல உயரத்தை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த அளவைக் கேட்காமலே மாடல் எண்ணைச் சொல்லும் கடையில் பணம் கட்டாதீர்கள்.